சொல்லாமல் போன பெட்டி

எங்கள் அம்மாவிடம் "போறேன்" என்று சொல்லிவிட்டு யாரும் படியிறங்க முடியாது. கையைப் பிடித்துத் திரும்ப உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பார். "போயிட்டு வர்றேனுங்க" என்ற பிறகுதான் வழிவிடுவார். ஒறம்பரைக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டால் மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பார். "என்ன மனக்கொறையோ, சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டாங்களே."

செல்போனுக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது. போனை முறையாக அணைத்தால், அணைவதற்கு முன் அது டவருக்கு ஒரு சிறு சேதி அனுப்புகிறது: நான் போகிறேன். நெட்வொர்க் அதைக் குறித்துக்கொள்கிறது. பிறகு யாராவது கூப்பிட்டால் தேடிப் பார்க்காமலே "ஸ்விட்ச் ஆஃப்" என்று சொல்லிவிடுகிறது. பேட்டரியைத் திடீரென்று பிடுங்கினால் அந்தச் சேதி போவதில்லை. நெட்வொர்க் அந்தப் போன் இன்னும் இருப்பதாகவே நினைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அறிவிப்பு மாறலாம். ஆனால் அடியில் இருக்கும் வித்தியாசம் இதுதான்: ஒன்று சொல்லிக்கொண்டு போனது, மற்றொன்று சொல்லாமல் போனது.

சாயப்பட்டறைகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சுவரில் தொங்கும் சிம் போட்ட பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. பாலிடெக்னிக் முடித்த கையோடு இந்த வேலைக்கு வருகிற தம்பிகளுக்கும் பொண்ணுகளுக்கும் சில விஷயங்களைச் சொல்லிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன். பேசாமல் போன பெட்டியைப் பேசவைப்பது எப்படி என்பது அதில் பாதி. மீதியைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருக்கிறது. அந்த மீதிக்குக் கடைசியில் வருகிறேன்.

நான் 1983-ல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வயர்மேனுக்குக் கையாளாகச் சேர்ந்தவன். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் முதலாளி டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அங்கிருந்து டெலக்ஸ், ஃபாக்ஸ் என்று ஊர் ஓடிய ஓட்டத்தோடு நானும் ஓடினேன். 2011 ஜனவரி 28-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இங்கே இருந்த 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக்கூடாது என்று அதே நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருந்தது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்து கெடு வைத்தது. கெடு தாண்டிப்போனதால் பூட்டு விழுந்தது. துணிக்குச் சாயம் ஏற்ற ஈரோட்டுக்கும் அதற்கு அப்பாலும் லாரி பிடித்து ஓடிய மாதங்கள் அவை. எத்தனையோ பேர் அறையைக் காலி செய்துகொண்டு சொந்த ஊருக்கு ரயில் ஏறினார்கள்.

அதன் பிறகுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கழிவுநீரை முழுக்கச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு வந்து, திறந்தன. உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் உப்புநீரைக் கொதிக்கவைத்து உப்பாக்கும் எவாப்பரேட்டர் என்று நீளும் வரிசை அது. 2014 பிப்ரவரியில் மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுண்டாக்கும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைனில் கண்காணிக்கும் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. குழாயில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று அளக்கும் மீட்டர், அதன் எண்ணைப் படித்து வைக்கும் லாகர், அதை வெளியே அனுப்பும் சிம் மோடம் மூன்றும் ஒரு பேனலுக்குள் வந்தன. பெட்டி பேச வேண்டிய இடம் வாரியத்தின் சர்வர். பெட்டி பேசவில்லை என்றால் அங்கே வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், இங்கே போன் வரும்.

நீங்கள் வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தப் போன் வரும், கண்ணுகளா. வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். ஆன்டெனாவைப் பிடித்துத் திருகுவார்கள். அது சரிவராவிட்டால் நீள வயர் போட்ட வேறு ஆன்டெனா வாங்கிவந்து கூரை மேல் கட்டுவார்கள். அதுவும் ஆகாவிட்டால் "இந்த ஏரியால டவரே சரியில்லைங்க" என்று நோட்டில் எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் செய்தேன்.

ஆன்டெனாவைத் தொடுமுன் பெட்டியிடமே கேட்கலாம். மோடத்துக்குள் ஒரு பழைய பேச்சுமொழி இருக்கிறது. மடிக்கணினியை வயரில் சொருகி, ஏ.டி. என்று தொடங்கும் சில வார்த்தைகளைத் தட்டினால் அது பதில் சொல்லும். அதில் நான்கே கேள்விகளைத்தான் இத்தனை வருஷமாகக் கேட்டு வருகிறேன். சி-பின்: உன் சிம் உன்னிடம் இருக்கிறதா? சி-ஃபன்: உன் ரேடியோ விழித்திருக்கிறதா? சி-எஸ்-க்யூ: உனக்கு டவர் எவ்வளவு கேட்கிறது? சி-ரெக்: டவர் உன்னைச் சேர்த்துக்கொண்டதா? இதே வரிசையில் கேட்க வேண்டும். அணைந்து கிடக்கும் ரேடியோவிடம் டவர் கேட்கிறதா என்று கேட்டுப் பயனில்லை.

அருள்புரம் பக்கம் ஒரு பையன் எனக்குப் போன் செய்தான். "சிக்னல் சூப்பரா இருக்குதுங்கண்ணா, தொண்ணூத்தொம்பது காட்டுது. டேட்டாதான் போகல." அவன் மேல் தப்பில்லை. பள்ளிக்கூடத்தில் 99 வாங்கினால் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறோம். ஆனால் சி-எஸ்-க்யூ கணக்கு 0 முதல் 31 வரைதான். 31 என்றால் டவர் பக்கத்திலேயே இருக்கிறது, பத்துக்குக் கீழே போனால் சிரமம். 99 என்பது மார்க்கே இல்லை, "எனக்குத் தெரியாது" என்பதற்கு அது வைத்திருக்கும் குறி. ரேடியோ அணைந்திருந்தாலும் 99 தான் வரும். அவன் கூரை மேல் மூன்று ஆன்டெனா மாற்றியிருந்தான். சி-ஃபன் என்று கேட்கச் சொன்னேன். 4 என்று வந்தது. 1 என்றால் முழுசாக விழித்திருக்கிறது. 4 என்றால் விமானத்தில் ஏறும்போது போனில் அழுத்துவோமே, அந்த நிலை: மூளை வேலை செய்யும், கணக்கு ஓடும், காதும் வாயும் மட்டும் அடைத்திருக்கும். 1 என்று எழுதி அனுப்பினான். ஒரு நிமிஷத்துக்குள் டேட்டா போனது.

போனதும் அவனுக்குச் சந்தோஷம். நான் விடவில்லை. "யாருப்பா அதை 4-ல வெச்சது?" என்று கேட்டேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வண்டியை எடுக்கக்கூடாது. ரேடியோ காரணமில்லாமல் அணையாது, ஏதோ ஒன்று அணைத்திருக்க வேண்டும். அவன் மாட்டிய புதிய போர்டில், ரேடியோவை அணைப்பதற்கென்றே மோடத்துக்கு ஒரு கால் விட்டிருந்தார்கள். மடிக்கணினிகளில் வயர்லெஸை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்குமே, அதன் வழி வந்த கால் அது. அந்தக் காலில் மின்னழுத்தத்தைத் தாழ்த்தினால் மோடம் வாயை மூடிக்கொள்ளும். போர்டில் அது ஈரத்தில் அவ்வப்போது தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக் காயவைத்துப் பூச்சு அடிக்காமல் வந்திருந்தால் மறுபடி அடுத்த வாரம் அதே போன் வந்திருக்கும். சில மோடங்களில் இந்த 4 என்பது மின்சாரத்தை நிறுத்திப் போட்டாலும் நினைவில் நிற்கும், சிலவற்றில் நிற்காது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டேனுங்க" என்பது எப்போதும் வைத்தியமாகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சி-ரெக் சொல்லும் பதில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் வரும் 1 என்றால் சொந்த நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்டது. 5 என்றால் அடுத்தவர் நெட்வொர்க்கில் விருந்தாளியாக இருக்கிறது. 2 என்றால் சேரவில்லை, தேடிக்கொண்டிருக்கிறது. 3 என்றால் தேடிப் போய்க் கதவைத் தட்டியது, உள்ளே விடமாட்டேன் என்றுவிட்டார்கள். 0 என்றால் சேரவில்லை, தேடவும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் 2, 3, 0 மூன்றும் ஒரே மௌனம்தான். சர்வரில் விழும் பள்ளம் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் 2-க்கு ஆன்டெனா பார்க்க வேண்டும். 3-க்கு ஆன்டெனாவை எத்தனை உயரத்தில் கட்டினாலும் பயனில்லை. சிம்முக்குப் பணம் கட்டவில்லையோ, முடக்கிவைத்திருக்கிறார்களோ என்று ஆபீஸில் விசாரிக்க வேண்டும். 0-க்கு, யார் அதைத் தேட வேண்டாம் என்று சொன்னது என்று பார்க்க வேண்டும்.

ஆட்களிடமும் இந்த மூன்று மௌனத்தைப் பார்த்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் பையன் ஒருவன் மூன்று நாள் வேலைக்கு வரவில்லை, போனும் எடுக்கவில்லை. "ஓடிட்டான், இவனுக எல்லாம் இப்படித்தான்" என்று மேஸ்திரி வேறு ஆள் போட்டுவிட்டார். பொழுதோட அவன் அறைக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்தான். ரீசார்ஜ் முடிந்து வெளியிலிருந்து வரும் அழைப்பும் நின்றுபோயிருந்தது. நாங்கள் கூப்பிட்டது அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான், கதவுதான் திறக்கவில்லை. அதற்குப் பிறகு, பேசாமல் போன யாரையும் "ஓடிட்டான்" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

வெயில் கதை ஒன்று சொல்கிறேன். ஒரு பட்டறையில் சித்திரை, வைகாசி மாதங்களில் தினமும் மத்தியானம் ஒரு மணிக்குப் பெட்டி நின்றுவிடும், நாலரை மணிக்குத் தானாகப் பேசும். டவரில் மத்தியானம் கூட்டம் அதிகம் என்று ஆளாளுக்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போகாமல் பேனலுக்கு முன்னாலேயே உட்கார்ந்தேன். ஒன்று பத்துக்கு நின்றது. கேட்டேன். ரேடியோ அணைந்திருக்கிறது என்றது. யாரும் கட்டளை கொடுக்கவில்லை, அந்தக் காலிலும் ஒன்றுமில்லை. பேனல் கதவைத் தொட்டேன், கை சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் பாய்லரிலிருந்து நீராவிக் குழாய் போகிறது, இந்தப் பக்கம் மேற்கு வெயில். மோடம் தன் சூடு எல்லை தாண்டியதும், எரிந்துபோகாமல் இருப்பதற்காகத் தன் ரேடியோவைத் தானே அணைத்துக்கொள்கிறது. மின்னழுத்தம் எல்லை தாண்டினாலும் சில மோடங்கள் இதையே செய்யும். பேனலை எதிர்ச் சுவருக்கு மாற்றி, மேலே ஒரு தகரக் கூரை போட்டோம். அந்த வருஷம் முழுக்க அந்தப் பெட்டி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அதற்கு முன்னால் அதை எத்தனை பேர் எத்தனை முறை திட்டியிருப்போம்!

மின்சாரம் பற்றியும் ஒன்று. பழைய 2ஜி மோடம் தொடர்ந்து பேசுவதில்லை, நொடிக்கு 217 தடவை துடித்துத் துடித்துப் பேசும். முன்பெல்லாம் டி.வி. பக்கத்தில் போன் வைத்திருந்தால், அழைப்பு வருவதற்கு முன் ஸ்பீக்கரில் ஒரு கரகரப்பு கேட்குமே, அது அந்தத் துடிப்புத்தான். ஒவ்வொரு துடிப்புக்கும் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும். பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் தளர்ந்திருந்தால், பெட்டி சும்மா இருக்கும்வரை எல்லாம் நன்றாக இருக்கும். மல்டிமீட்டர் வைத்தால் சரியான வோல்ட் காட்டும். வாய் திறக்கிற அந்தக் கணத்தில் மட்டும் மின்னழுத்தம் சரிந்து, மோடம் செத்துப் பிழைக்கும். மறுபடி எழுந்து, மறுபடி வாய் திறந்து, மறுபடி சரியும். சும்மா இருக்கிற பெட்டியை வைத்து அதற்குப் பலம் இருக்கிறதா என்று தீர்மானிக்காதீர்கள். பேசவைத்துப் பாருங்கள்.

சிம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறைக் காற்றில் ஈரமும் உப்பும் கலந்திருக்கும். அது சிம்மின் உலோகத் தகட்டில் பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கும். சி-பின் கேட்டு "சிம் இல்லை" என்று வந்தால், முதலில் சிம்மை உருவித் துடைத்துப் போடுங்கள். சிம்மை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், டேட்டா போகும் வாசலான ஏ.பி.என். பெயரையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் சி-ரெக் 1 காட்டும், டேட்டா மட்டும் போகாது. ஜியோ 2016-ல் வந்தபோதே 4ஜி மட்டும்தான், அதற்கு 2ஜி கிடையாது. பழைய 2ஜி மோடத்தில் அந்தச் சிம்மைப் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடவைத்தவர்கள் உண்டு. கருவிகளுக்கென்று 13 இலக்க எண் கொண்ட சிம் 2018-லிருந்து தனியாக வந்துவிட்டது. ஆபீஸ் பையனின் சொந்தச் சிம்மைப் போட்டு ஓட்டுகிற பழக்கத்தை விடுங்கள். அவன் வேலையை விட்டுப் போகும்போது பெட்டியும் கூடவே போய்விடும்.

தூங்குகிற பெட்டிகளும் இப்போது வருகின்றன. பேட்டரியில் பல வருஷம் ஓட வேண்டிய கருவி, ஒரு நாளைக்கு ஒரு தடவை விழித்து, பேசிவிட்டு, ரேடியோவை அணைத்துத் தூங்கிவிடும். தூங்கப் போகுமுன் எவ்வளவு நேரம் தூங்கலாம் என்று நெட்வொர்க்கிடம் கேட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு போகும். இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. இதற்கு நேர் எதிராக, சொல்லிக்கொள்ள அவகாசம் இல்லாமல் போகிறவர்களுக்கும் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இருவர், எண்ணெய்க் குழாய்களில் இருக்கும் கருவிகள் சாட்டிலைட் வழியாகப் பேசுவதற்காக எம்.க்யூ.டி.டி. என்ற முறையை உருவாக்கினார்கள். இன்று நம் பெட்டிகளில் பாதி அதில்தான் பேசுகின்றன. அதில் ஒரு பெட்டி சேரும்போதே உயில் எழுதிக் கொடுக்கலாம்: நான் சொல்லாமல் மறைந்துபோனால், எல்லோரிடமும் இந்தச் சேதியைச் சொல்லிவிடுங்கள். முறையாக விடைபெற்றுப் போனால் அந்த உயில் கிழிக்கப்படும். விடைபெறாமல் அறுந்துபோனால்தான் வாசிக்கப்படும்.

இனி, நான் தள்ளிப்போட்டு வந்த விஷயம்.

2016 மழைக்காலம். எந்த ஆலை என்று சொல்ல மாட்டேன், செய்தது நான். ராத்திரி பதினோரு மணிக்கு எவாப்பரேட்டர் நின்றுவிட்டது. ஆர்.ஓ. தள்ளிய உப்புநீர் தொட்டியின் விளிம்புக்கு வந்திருந்தது. ஷிப்ட் பொறுப்பாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணா, விடியறதுக்குள்ள சரியாயிடும். அது வரைக்கும் பெட்டி பேசாம இருந்தாத் தேவலாம்." உள்ளே வருகிற குழாயின் மீட்டர் ஓடுகிறது, எவாப்பரேட்டருக்குப் போகிற குழாயின் மீட்டர் நிற்கிறது. இரண்டும் சேர்ந்து வெளியே தெரிந்தால் கேள்வி வரும். அவர் மிரட்டவில்லை, கெஞ்சினார். 2011-ல் ஊர் பட்ட பாட்டை இருவருமே பார்த்தவர்கள். அந்தப் பயம் என்னிடமும் இருந்தது.

வயரைச் சொருகினேன். சி-ஃபன் 4 என்று தட்டினேன். ஒரு நொடி வேலை. அந்தப் பழைய லாகரில் நின்ற நேரத்து எண்களைச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பும் வசதி கிடையாது. என்னோடு டார்ச் பிடித்து நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயது. நோட்டை அவனிடம் கொடுத்து, "சிக்னல் இல்லைன்னு எழுது" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "சிக்னல் நல்லாத்தானுங்கண்ணா இருந்துச்சு?" "எழுதுப்பா." எழுதினான். அந்தப் பொய்யை என் கையால்கூட எழுதவில்லை, அவன் கையால் எழுதவைத்தேன்.

காலையில் ரேடியோவை எழுப்பினேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. மீட்டரில் மொத்த அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஓர் எண் உண்டு. ரேடியோ அணைந்தாலும் அது நிற்காது. உள்ளே வரும் குழாயில் அந்த எண் ஏறியிருந்தது. எவாப்பரேட்டர் குழாயில் முந்தின ராத்திரி பார்த்த அதே எண் இருந்தது. தொட்டியில் தண்ணீர் மட்டம் பாதிக்கு இறங்கியிருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் மழை பெய்திருந்தது.

எட்டு மாதம் கழித்து அந்தப் பையன் வேறொரு இடத்தில் தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் போன் செய்தான். குரலில் அத்தனை பெருமை. "ஒரு எடத்துல இக்கட்டுங்கண்ணா. நம்ம ஐடியாவத்தான் பண்ணுனேன். யாருக்கும் தெரியல."

நம்ம ஐடியா. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை.

என் அக்காவை நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அணை 1992-ல் வந்தது. பாசனத்துக்கென்று கட்டினார்கள். மேலே நம் ஊர் விட்ட சாயத்தண்ணீர் அதில் வந்து நின்றது. கடைசியில் அணைக்குக் கீழே இருந்த விவசாயிகளே தண்ணீரைத் திறக்காதீர்கள் என்று கேட்கும் நிலை வந்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் இதை எதிர்த்து நீதிமன்றப் படி ஏறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். அக்கா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்துபோகும். பருப்பு வேகாது. குடிக்கும் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அக்கா வீட்டுக் கிணற்றுக்கு மீட்டர் தேவைப்படவில்லை, நாக்கே போதும். நான் போகும்போதெல்லாம் திருப்பூரிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுபோவேன். அவள் அதில் எனக்கு மட்டும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்குக் கிணற்றுத் தண்ணீரிலேயே போட்டுக்கொள்வாள். பழகிவிட்டது என்பாள்.

பையன் போன் செய்த அந்த வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொல்லத்தான் போனேன். சொல்ல வாய் வரவில்லை. டீயைக் குடித்துவிட்டு, "போயிட்டு வர்றேனக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து அந்தப் பையனைத் தேடிப்போய் உட்காரவைத்துப் பேசினேன். அன்று நான் செய்தது தப்பு என்றேன். உன் கையில் எழுதவைத்தது அதைவிடத் தப்பு என்றேன். பெட்டி பழுதானால் பழுது என்று எழுது, எவாப்பரேட்டர் நின்றால் நின்றது என்று எழுது, அதற்கு வருகிற திட்டை வாங்கிக்கொள்ளலாம் என்றேன். அவன் தலையாட்டினான். மனதில் வாங்கினானா என்று தெரியாது. இப்போது அவன் இந்த வேலையிலேயே இல்லை. அந்த ஆலைக்காரர்களிடம் போய், இனி எந்த ராத்திரியும் பெட்டியை அணைத்துத் தர மாட்டேன் என்று சொன்னேன். அடுத்த வருஷம் அவர்கள் பராமரிப்பு வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒரு ராத்திரித் தண்ணீர்தான் இன்னும் எனக்குள் நிற்கிறது.

அன்றிலிருந்து என் நோட்டில் ஒரு கட்டம் சேர்த்தேன். தேதி, இடம், சிம் எண், சிக்னல் என்று முன்பிருந்த கட்டங்களுக்குப் பக்கத்தில்: ரேடியோவை அணைத்தது யார், யார் சொல்லி, எத்தனை மணிக்கு. என்னிடம் வேலை பழகுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். சூடு அணைத்திருந்தால் சூடு என்று எழுதலாம், ஈரம் அணைத்திருந்தால் ஈரம் என்று எழுதலாம். ஆள் அணைத்திருந்தால் ஆளின் பெயரை எழுத வேண்டும், அது என் பெயராக இருந்தாலும். முதலில் எல்லோரும் தயங்கினார்கள். அப்புறம் அது அவர்களுக்கே கவசமாயிற்று. "அண்ணா கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க" என்று யாராவது வந்து நின்றால், நோட்டைத் திறந்து, "உங்க பேரு எப்படீங்க எழுதறது?" என்று கேட்டால் போதும். பெரும்பாலும் அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

போன மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு போன். என்னிடம் நாலு மாதமாக வேலை பழகுகிற பொண்ணு. வீரபாண்டிப் பக்கம் ஒரு இடத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"சார், சி-ரெக் பூஜ்யம் காட்டுதுங்க. தேடவே இல்லீங்க. சி-ஃபன் நாலுல இருக்குதுங்க."

"சூடு?"

"பேனல் ஜில்லுன்னு இருக்குதுங்க சார். அந்தக் காலையும் பாத்துட்டேன், ஈரமெல்லாம் இல்லீங்க. சப்ளையும் சரியா இருக்குது."

"ஒண்ணுல வெச்சுட்டியா?"

"வெச்சுட்டனுங்க. டேட்டா போயிட்டிருக்குது. ராத்திரி ஒண்ணே முக்காலுக்கு நின்னுருக்குது. சொல்லிட்டுத்தானுங்க நின்னுருக்குது, கரண்ட்டு போயி நிக்கல."

"நோட்டுல என்ன எழுதுன?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் பாய்லர் சத்தம் மட்டும் கேட்டது.

"அணைச்சது யாருன்னு இன்னும் தெரியல, ராத்திரி ஷிப்டுக்காரங்க போறதுக்குள்ள கேட்டுட்டு இருக்கேன்னு எழுதீருக்கனுங்க சார். போகாம கேட்டுக்கு முன்னாலதான் நிக்கிறேன்."